லிஃப்ட் நிற்காத மாடிகள்

கீரமங்கலத்தில் வீடு தரையோடு கிடக்கும். கொல்லையில் பலா, பக்கத்தில் தென்னை, சற்றுத் தள்ளி மல்லிகை, சம்பங்கித் தோட்டம். மாடி இருந்தாலும் படியேறிப் போவதோடு சரி. ரயில் பிடிக்க அறந்தாங்கிக்கோ பேராவூரணிக்கோ போக வேண்டும். இந்த வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போகிறவர், அங்கே அறை தேடும்போது முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்கிறார். எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? லிஃப்ட் நம் மாடியில் நிற்குமா?

இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

அங்கே அரசுக் குடியிருப்புகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்குள்ள தமிழர் வாயில் 'வீவக', 1960 பிப்ரவரியில் தொடங்கியது. மறுவருடம் மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பிடித்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவசரமாக, மலிவாக, ஏராளமாகக் கட்ட வேண்டியிருந்தது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. சிக்கனம் லிஃப்டிலும் தெரிந்தது. பல புளோக்குகளில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், அது மூன்று நான்கு மாடிக்கு ஒரு முறைதான் நின்றது. இடைப்பட்ட மாடிக்காரர் அரிசி மூட்டையோடு ஏறவோ இறங்கவோ வேண்டியிருந்தது. இளவட்டத்துக்கு அது பெரிதல்ல. ஆனால் குடிவந்தவர்களுக்கு வயதானது, முட்டி வலித்தது, சக்கர நாற்காலி வந்தது.

உயரத்தில் வாழ்வது ஒரு தலைமுறையே புதிதாகக் கற்ற பழக்கம். 1980-களில் லிஃப்டுக்குள் சிறுநீர் கழிப்பவரைப் பிடிக்க, ஈரம் பட்டதும் மணி அடித்துக் கதவைப் பூட்டிக்கொள்ளும் கருவிகளைப் பொருத்தினார்கள்.

முதல் கேள்வி பின்னால்தான் வந்தது. 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு எம்ஆர்டி ஓடத் தொடங்கியது. தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, 2003 ஜூன் 20 அன்றுதான் ரயில் வந்தது. வாடகை விளம்பரத்தில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பது, எத்தனை அறை என்பதற்கு இணையான வரியாகிவிட்டது.

லிஃப்ட் நிற்காத மாடிகளுக்கு விடையாக 2001-இல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. தகுதியுள்ள வீட்டுக்காரர்களில் 75 விழுக்காட்டினர் ஒப்பி வாக்களித்தால், பழைய புளோக்கின் பக்கவாட்டில் லிஃப்ட் ஓடப் புதிய கூடு கட்டி, மாடிதோறும் லிஃப்ட் நிற்க வழிசெய்தார்கள். இப்படி 5,000-க்கும் மேற்பட்ட புளோக்குகள் மாறின. நாற்பது ஆண்டு கழித்து வந்தாலும், வந்தது நியாயம்.

மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. அந்த நகரத்தின் கட்டுமானத் தளங்களில் வியர்வை சிந்தியவர்களில் தமிழ்நாட்டு ஆட்கள் ஏராளம். ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் போகும் கட்டுமானத் தொழிலாளி மலேசியர் அல்லாதவர் என்றால், வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க முடியாது. அவருக்கு டார்மிட்டரிதான், அங்கிருந்து லாரியில் ஏறித்தான் வேலைக்குப் போகிறார். 2020-இல் கொரோனா அந்த நெரிசலான கூடங்களில்தான் காட்டுத்தீயாகப் பரவியது.

எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேறு வகை வேலை அனுமதி வைத்திருப்பவருக்கு வீவக வீட்டின் கதவு திறக்கும். அங்கும் எண்ணிக்கை உண்டு. முழு வீட்டை எடுக்கும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு, 2014 ஜனவரியிலிருந்து ஒரு புளோக்கில் 11 விழுக்காடு, வட்டாரத்தில் 8 விழுக்காடு என்பது வரம்பு. ஒரு வீட்டில் உறவில்லாதவர் 6 பேர் வரைதான் தங்கலாம் என்றிருந்ததை, வாடகை எகிறிய பின், 2024 ஜனவரி 22 முதல் நான்கறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு 8 ஆக்கினார்கள். அவர்கள் கணக்கில் நான்கறை வீடு என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும்.