கதி

குதிரையின் நடைக்குத் தமிழில் ‘கதி’ என்று பெயர். ஐந்து கதி உண்டு என்பார்கள் பழைய உரைகாரர்கள். ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரைக்குப் புகழ் தந்தது ‘ரேவால்’ என்ற நடை. ஓட்டமும் இல்லை, சாதாரண நடையும் இல்லை. மேலே இருப்பவர் குலுங்காமல் மணலில் நெடுந்தூரம் போகலாம்.

இக்குதிரையின் மூதாதையர் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். அரபுக் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல் ஒன்று கட்ச் கரையில் உடைந்து, ஏழு குதிரைகள் கரையேறினவாம். கதைதானே என்று தள்ளவும் முடியவில்லை. 2014இல் ஒரு மார்வாரிக் குதிரையின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. அதில் அரபு இனத்தின் நெருக்கம் தெரிந்தது. கூடவே மங்கோலியக் கலப்பும். தூய ரத்தம் என்று மீசை முறுக்குகிறவர்களுக்கு இந்த இரண்டாவது செய்தி அவ்வளவு ருசிக்காது.

பிரிட்டனுக்கும் இதில் பங்குண்டு. 2012இல் உப்சாலா ஆய்வாளர்கள், டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறினால் குதிரையின் நடை மாறும் என்று காட்டினார்கள். நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு அது வியப்பாகவே இல்லை. ஓர் எழுத்தால் என்னவெல்லாம் ஆகும் என்று தினமும் பார்க்கிறேன். 2016இல் பழங்கால எலும்புகளைச் சோதித்தபோது, அந்த மாற்றம் மிக முந்திக் கிடைத்த இடம் யார்க். கி.பி. 850–900 காலத்து இரண்டு குதிரைகள். குட்மேய்ஸிலிருந்து ஏறக்குறைய 200 மைல். அங்கிருந்து வைக்கிங்குகள் அதை ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்று ஐஸ்லாந்துக் குதிரை ‘டோல்ட்’ நடைக்குப் பேர்போனது. வெளிநாடு போன குதிரையைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். நம்மில் சிலருக்குப் பழக்கமான நிலைமைதான்.

பாண்டியர்கள் குதிரைக்குக் கொட்டிய பணம் கொஞ்சமல்ல. ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தன, சரியான பராமரிப்பில்லாமல் செத்தன, மறு ஆண்டு மறுபடி வாங்கினார்கள் என்று 13ஆம் நூற்றாண்டு மார்க்கோ போலோ எழுதுகிறார். மார்வார் வளர்த்தது, நாம் வாங்கினோம். அதனால்தான் நம்மிடம் புரவி, பரி, மா, இவுளி என்று சொற்கள் நிறைய இருக்கின்றன, வம்சம் இல்லை.

இதை ஈஸ்ட்ஹாமில் சொன்னால் நெடுந்தீவுக்காரர் யாராவது சண்டைக்கு வருவார். நியாயம்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் சந்ததி அங்கே இன்னும் கூட்டமாக மேய்கிறது. கோடை கடுமையான ஆண்டுகளில் தண்ணீரில்லாமல் சாகின்றன.