மூலமும் உரையும்: கத்தோலிக்கர் விவிலியம் பயின்ற வரலாறு

திருக்குறளைப் பரிமேலழகர் உரையின் துணையின்றிப் பயிலத் தயங்கும் புலவர்களை நாம் அறிவோம். மூலத்தின்பால் கொண்ட மதிப்பே அவர்களை உரையிடம் அழைத்துச் செல்கிறது. விவிலியத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை அணுகும் முறையும் இத்தகையதே. விவிலியத்துள் அடங்கும் நூல்கள் இவையென வரையறுத்தது திருச்சபை. ஆதலின் அதன் திருமரபோடு இணைத்தே அவற்றிற்குப் பொருள் காணவேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

இடைக்கால அறிஞர்கள் மறைநூலுக்கு நால்வகைப் பொருள் உரைத்தனர். எருசலேம் என்னும் சொல் வரலாற்றில் யூதரின் நகரம், உருவகத்தில் திருச்சபை, ஒழுக்கநெறியில் மனித ஆன்மா, மறுமையை நோக்கின் விண்ணக நகரம். அகப்பாடல்களின் உள்ளுறையில் தோய்ந்த நமக்கு இம்முறை அயலானதன்று.

எனினும், உரை ஓங்கிய காலத்தில் மூலம் மக்களை விட்டு விலகிற்று. 382இல் திருத்தந்தை தமாசுஸ் பணித்தவாறு இலத்தீன் மொழிபெயர்ப்பைச் செப்பஞ்செய்யத் தொடங்கினார் புனித எரோணிமுஸ். அன்று இலத்தீன் மக்கள் வழங்கிய மொழி. பின்னர் அது வழக்கொழிந்தது. நூலோ அம்மொழியிலேயே நின்றது. சீர்திருத்த இயக்கம் எழுந்தபின், 1546இல் திரெந்துப் பொதுச்சங்கம் அந்த மொழிபெயர்ப்பையே சான்றுடையதென அறிவித்தது. 1564இல், தாய்மொழியில் விவிலியம் படிக்க எழுத்துவழி அனுமதி பெறவேண்டும் என்னும் விதியும் வந்தது. மக்கள் அறிவதற்கென மொழிபெயர்த்த நூல் மக்களுக்கே எட்டாததாயிற்று! மறையுரையும் ஓவியமும் நாடகமுமே அவர்களுக்கு விவிலியமாயின. தமிழகத்தில் வீரமாமுனிவரின் தேம்பாவணி விவிலியக் கதைகள் பலவற்றைக் காப்பியச் சுவையோடு வழங்கியதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

மாற்றம் மெல்ல வந்தது. 1890இல் தொமினிக்கன் துறவி லக்ராஞ்சு எருசலேமில் விவிலிய ஆய்வுப் பள்ளியை நிறுவினார். 1912இல் அவருடைய நூல்கள் சிலவற்றைக் குருமடங்களில் பயன்படுத்தலாகாதென உரோமை தடுத்தது. அவர் பணிந்தார், ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை. 1943இல் பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடல், எபிரேய, கிரேக்க மூலங்களை ஆராயுமாறு அறிஞர்களை ஊக்கிற்று. செய்யுளைச் செய்யுளாகவும் வரலாற்றை வரலாறாகவும் கொண்டு, எழுதியவர் கருதிய பொருளைக் காணுமாறு அது பணித்தது. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைவிளக்கத்தை 2,344 வாக்குகளால் ஏற்றது, எதிர்த்தவை ஆறே. மறைநூலை அணுகும் வழி கிறிஸ்தவ நம்பிக்கையாளர்க்கு அகலத் திறந்திருக்கவேண்டும் என்றது அவ்வேடு. பிற கிறிஸ்தவ சபையாரோடு கூடி மொழிபெயர்க்கவும் இசைந்தது. தமிழில் அதன் கனியே 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு.

உரை இன்றும் கைவிடப்படவில்லை. காலமும் சூழலும் நோக்காது எழுத்தை மட்டும் பற்றிநிற்கும் வாசிப்பை 1993இல் வெளிவந்த திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு அறிக்கை கண்டித்தது. மூலமும் உரையும் ஒன்றையொன்று காக்கவேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

பிறமொழி சூழ வாழும் நமக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எரோணிமுஸின் நூல் மாறவில்லை. அதைப் படித்தறியும் மக்களே இல்லாமற் போயினர். நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தறியாது வளர்வாராயின், குறளாயினும் விவிலியமாயினும் நம் இல்லங்களில் பூசனைக்குரிய ஏடாக மட்டுமே எஞ்சும் அன்றோ?