ஒரு ரத்ததான முகாமும் கல்லீரல் புற்றுநோயின் வரலாறும்

"நீ ஹிஸ்டரி குரூப்தானே, மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் குடுப்பா" என்று மலர்க்குழு நண்பர் போனில் கேட்டார். சோழர் காலம், பாண்டியர் காலம் என்று ஏதாவது எழுதுவேன் என நினைத்திருப்பார். நான் எழுத நினைத்தது வேறொரு வரலாறு. என்னைப் பொறுத்தவரை அது நம் கல்லூரி விடுதியில் தொடங்குகிறது.

1992 பிப்ரவரி. நாங்கள் இரண்டாம் ஆண்டு. என்.எஸ்.எஸ். சார்பில் ரத்ததான முகாம் நடந்தது. நானும் என் அறைத்தோழனும் பிஸ்கட், ஜூஸ் ஆசையில் முதல் ஆளாகப் போய்ப் படுத்தோம். சில நாள் கழித்து அவனுக்கு மட்டும் ஒரு சீட்டு வந்தது. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ். இனி ரத்ததானம் செய்ய வேண்டாம்.' அவ்வளவுதான். அது என்ன, ஏது என்று விளக்க யாரும் இல்லை. அப்போது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கேட்கவா வேண்டும்? விடுதி முழுக்க அவன் பெயர் 'ஆஸ்திரேலியா' என்றாகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

ஊருக்குப் போனபோது அவன் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, பசி நன்றாக எடுக்கிறது என்றதும் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். 2014-ல் அவன் கல்லீரல் புற்றுநோயால் இறந்தான். வயது 42. மதுவைத் தொட்டே அறியாதவன். துக்கத்துக்கு வந்த சிலர், "ரகசியமா குடிச்சிருப்பான்" என்று பேசியது என் காதில் விழுந்தது. அதன் பிறகுதான் அந்தச் சீட்டில் இருந்த 'ஆஸ்திரேலியா' எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

அமெரிக்க விஞ்ஞானி பாரூக் ப்ளம்பெர்க் பல நாட்டு மக்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து ஒப்பிட்டு வந்தவர். 1963-ல், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் இருந்த ஒரு புரதம், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஓர் அமெரிக்க நோயாளியின் ரத்தத்தோடு வினைபுரிவதைக் கண்டார். அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். அது என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. 1967-ல் அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்மணிக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. அவர் தம் ரத்தத்தைத் தாமே சோதித்துப் பார்த்தார். அதே புரதம்! அவருக்கு வந்திருந்தது காமாலை நோய். இப்படித்தான் ஹெபடைட்டிஸ்-பி வைரஸ் பிடிபட்டது. 1976-ல் ப்ளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, காமாலைக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? விடை தைவானில் கிடைத்தது. பால்மர் பீஸ்லி என்ற மருத்துவர் 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-ல் முடிவை வெளியிட்டார். இந்த வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, சுமக்காதவர்களைப் போல 200 மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது.

வைரஸ் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்திருந்த பூசணத்தின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதுதான் அஃப்ளாடாக்ஸின். மனிதனுக்கும் அது கல்லீரல் புற்றுநோயைத் தரும். பூசணம் பிடித்த கடலையை வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. தூக்கி எறிவதே நல்லது. 1989-ல் ஹெபடைட்டிஸ்-சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இவற்றோடு மது, சர்க்கரை நோய், உடல் பருமனால் வரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. வைரஸோ மதுவோ கல்லீரலை மெல்ல மெல்லப் புண்ணாக்கும். புண் ஆறி ஆறித் தழும்பாகும். தழும்பு முற்றினால் கல்லீரல் இறுகிப்போகும், அதுதான் சிரோசிஸ். இறுகிய கல்லீரலில் கட்டி முளைக்கும். ஹெபடைட்டிஸ்-பி உள்ளவருக்குச் சில சமயம் சிரோசிஸ் இல்லாமலேயே கட்டி வந்துவிடும். இதற்கெல்லாம் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதுவரை வலியே இருக்காது. பிறக்கும்போது தாயிடமிருந்து இந்த வைரஸ் தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். என் நண்பனுக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கீழாநெல்லியைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து அதை ஆராய்ந்து, 1988-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் உறுதிப்படவில்லை. ஆகவே அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

சிகிச்சையின் வரலாறும் நீண்டது. தாமஸ் ஸ்டார்ஸல் 1963-ல் முதன்முதலாகக் கல்லீரல் மாற்று அறுவை செய்தார்; அந்த நோயாளி பிழைக்கவில்லை. 1967-ல் கல்லீரல் புற்றுநோய் வந்த ஒரு குழந்தை, மாற்று அறுவைக்குப் பின் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. பிறகு புற்று திரும்பிவிட்டது. யாருக்கு மாற்று அறுவை பலன் தரும் என்பதற்கு 1996-ல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் ஓர் அளவு வகுத்தார்கள். ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். அப்படிப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் நான்கு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். சிறிய கட்டியை வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சூட்டால் பொசுக்கலாம். முற்றிய நிலைக்கு 2007-ல் சோராஃபெனிப் மாத்திரை வந்தது. சில மாதங்களே ஆயுள் கூடியது. 2020-லிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் அதைவிடக் கூடுதல் பலன் தருகின்றன. என் நண்பனுக்குக் கட்டி கண்டுபிடித்தபோது அது பெரிய ரத்தக்குழாய்க்குள்ளேயே பரவியிருந்தது.

ஆனால் மிகப்பெரிய வெற்றி தடுப்பூசிதான். தைவான் 1984-ல் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ்-பி ஊசி போடத் தொடங்கியது. பத்தே ஆண்டில், 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயையே தடுத்தது என்று உலகம் கண்டது அப்போதுதான். 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்த ஊசியை இந்தியாவிலேயே தயாரித்து விலையைக் குறைத்தது. 2002-லிருந்து சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் போட்டுப் பார்த்த அரசு, 2011-ல்தான் நாடு முழுவதற்கும் விரிவாக்கியது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் செட் பிறந்த காலத்தில் இந்த ஊசியே கிடையாது. இன்று கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் பிறந்ததும் 2011-க்கு முன்புதான். அம்மாவிடம் கேட்டு, தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

நண்பன் போன பிறகு அவன் வீட்டில் எல்லோரையும் நானே பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை, ஊசி போட்டாயிற்று. தம்பிக்கு இருந்தது. தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். 2019-ல் ஸ்கேனில் 2 செ.மீ. கட்டி தெரிந்தது. உடனே பொசுக்கிவிட்டார்கள். போன மாதம் ஸ்கேன் எடுத்துவிட்டுப் போன் பண்ணினான். "அண்ணே, ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க" என்றான். அண்ணனுக்கு 1992-லேயே தெரிந்திருந்தது. தம்பிக்கு 2014-ல்தான் தெரிந்தது. ஆனாலும் பிழைத்தவன் தம்பிதான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்த வைரஸ் ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத்தான் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. யாருக்காவது பாசிட்டிவ் என்று வந்தால் ஒதுக்காதீர்கள். எங்களைப் போலக் கேலிப்பெயரும் வைக்காதீர்கள். கல்லீரல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சங்கக் கூட்டத்துக்கு வருகிற நம் செட் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். வருவதற்கு முன் ஒருமுறை அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு வாருங்கள். ரிசல்ட் எதுவானாலும் என்னிடம் சொல்லலாம். இந்த முறை நான் சிரிக்க மாட்டேன்.