வானில் உரிமம், தரையில் அனுமதி: விமான சாகச நிகழ்ச்சிகளின் பாதுகாப்பு விதிகள் வளர்ந்த வழி

2024 அக்டோபர் 6 அன்று இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி நடந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறந்தன. எல்லாம் பத்திரமாகத் திரும்பின. தரையில் ஐந்து பேர் இறந்தனர். வெயிலில் மயங்கியும் நெரிசலில் சிக்கியும் பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரண்டவர்கள் பதினைந்து லட்சம் பேர் என்று அப்போது சொல்லப்பட்டது.

ஒரே நிகழ்ச்சியில் வானம் இவ்வளவு ஒழுங்காகவும் தரை இவ்வளவு தடுமாற்றத்துடனும் இருந்தது தற்செயல் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். பறப்பவருக்கான விதிகள் ஒரு வழியில் வளர்ந்தன. பார்ப்பவருக்கான விதிகள் வேறொரு வழியில் தொடங்கி, பாதியிலேயே நின்றுவிட்டன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கத் திருச்சி நல்ல இடம். நகரின் தெற்கே பன்னாட்டு விமான நிலையம். வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோரைக் கையாளும் ஸ்ரீரங்கம்.

1888 முதல் 1934 வரை

தமிழ்நாட்டில் கூட்டத்துக்கான சட்டம் விமானத்துக்கு முந்தியது. பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு உரிமம் கேட்கும் சென்னை மாகாணச் சட்டம் 1888-இல் வந்தது. மாநிலத்தின் பெயரையொட்டிச் சட்டத்தின் பெயர் மாறியதே தவிர, அது இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் கண் நாடகக் கொட்டகை போன்ற அடைப்புள்ள இடங்கள், கட்டடங்கள் மீது இருந்தது. திறந்த கடற்கரையில் அண்ணாந்து பார்க்கும் கூட்டத்தை அன்று யாரும் கற்பனை செய்திருக்க முடியாது.

22 ஆண்டுகள் கழித்து அந்தக் காட்சியும் வந்தது. சென்னையில் உணவு விடுதி நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் விமானம் ஒன்றைக் கட்டச் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு 1910 மார்ச்சில் தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டினார். விமானத்துக்குச் சான்று கிடையாது, ஓட்டியவருக்கு உரிமம் கிடையாது. இரண்டையும் கேட்கும் சட்டமே அப்போது நாட்டில் இல்லை. அடுத்த ஆண்டே இந்திய வான்கலச் சட்டம் வந்தது. ஆனால் அதன் கவலை கலங்களை யார் வைத்திருக்கிறார், யார் விற்கிறார், யார் இறக்குமதி செய்கிறார் என்பதைப் பற்றியது. காலனி அரசு வானத்தைப் பார்த்து முதலில் யோசித்தது தன் பாதுகாப்பைத்தான்.

விமானிக்குக் காகிதம் கிடைத்தது இன்னும் பிந்தி. 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாடா பெற்ற உரிமம் இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது. அதே காலத்தில் நெவில் வின்சென்ட் போன்ற முன்னாள் ராணுவ விமானிகள் பழைய போர் விமானங்களுடன் இந்திய ஊர்களைச் சுற்றி வந்து, வித்தை காட்டியும் ஆட்களை ஏற்றிப் பறந்தும் பிழைத்தார்கள். பின்னால் 1932-இல் டாடாவின் அஞ்சல் விமானத்தைச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் இதே வின்சென்ட். வித்தைக்காரரும் அஞ்சல் விமானியும் ஒரே ஆளாக இருந்த காலம் அது.

1934-இன் இந்திய விமானச் சட்டமும் 1937-இன் விமான விதிகளும் வந்தபோது நிலைமை மாறியது. ஆளுக்கோ உடைமைக்கோ ஆபத்து விளையும்படி வேண்டுமென்றே பறப்பது குற்றமாயிற்று. பின்னால் உலகப் பொது வழக்கமாக வந்த விதி இன்னும் தெளிவானது: நெரிசலான ஊர்ப்பகுதியின் மேலோ திறந்தவெளிக் கூட்டத்தின் மேலோ பறந்தால், சுற்றிலும் 600 மீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த தடையைவிட 300 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்; கரணம் போடுவதற்கு உரிய அதிகாரியின் நிபந்தனைகள் உண்டு. இதைக் கூர்ந்து படித்தால் ஒன்று விளங்கும். விமான சாகச நிகழ்ச்சி என்பதே இவ்விதிகளிலிருந்து கேட்டுப் பெறும் விலக்கு. அமெரிக்காவில் இதற்குத் தரும் ஆவணத்தை விதிவிலக்குச் சான்று என்றே குறிப்பிடுகிறார்கள். விலக்கு கொடுப்பவர் பதிலுக்கு என்ன கேட்கிறார் என்பதுதான் பிற்கால வரலாறு முழுவதும்.

கேட்கப்பட்டவை

முதலில் கேட்டது தூரம். 1952 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ நிகழ்ச்சியில் டி ஹாவிலண்ட் 110 விமானம் வானிலேயே உடைந்தது. எஞ்சின்களில் ஒன்று கூட்டத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும் பார்வையாளர்கள் 29 பேரும் இறந்தனர். அதன்பின் ஜெட் விமானம் நேராகப் பறந்தால் கூட்டத்திலிருந்து 230 கெஜம், திரும்பி வளைந்தால் 450 கெஜம், உயரம் எப்போதும் 500 அடிக்குக் குறையக் கூடாது என்று வரையறுத்தார்கள். அமெரிக்காவில் இன்று விமானத்தின் வேகத்தைப் பொறுத்து 500, 1000, 1500 அடி என மூன்று கோடுகள் உள்ளன.

தூரம் மட்டும் போதாது, திசையும் முக்கியம் என்பதை 1988 ஆகஸ்ட் 28 காட்டியது. மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் மூன்று விமானங்கள் மோதின. கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்த விமானம் கூட்டத்திலேயே விழுந்து, மொத்தம் 70 பேர் இறந்தனர். இந்த விபத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வானில் நடந்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த ஒரு மணி நேரம். தளம் அமெரிக்கர்களுடையது, சுற்றுப்புற மருத்துவமனைகள் ஜெர்மானியருடையவை. இரு தரப்பின் மீட்பு முறைகளும் வேறு. நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்களின் இணைப்புகள்கூட ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தீக்காயம் பட்டவர்களை எங்கே கொண்டுபோவது என்று ஒருங்கிணைக்க ஒருவர் இல்லை. வானுக்கு ஓர் அதிகாரமும் தரைக்கு வேறோர் அதிகாரமும் இருந்து, நடுவில் பேச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. 2002 ஜூலை 27 அன்று உக்ரைனின் லிவிவ் நகருக்கு அருகில் சுகோய் விமானம் கூட்டத்தில் விழுந்து 77 பேர் இறந்ததும் ராணுவத் தளத்தில்தான்.

மூன்றாவதாகக் கேட்டது நடத்துபவரின் தகுதியை. 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் நிகழ்ச்சியில் பழைய ஹாக்கர் ஹன்டர் விமானம் நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த பதினொருவரும் திடலுக்கு வெளியே, சாலையிலும் சாலையோரத்திலும் இருந்தவர்கள். அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே நின்றவர்களுக்குப் போட்ட கோடு, வெளியே போய்க்கொண்டிருந்தவரைக் காக்கவில்லை. இதன்பின் பிரிட்டிஷ் விமானத் துறை, விமானியின் சாகச அனுமதியை இறுக்கியதோடு, நிகழ்ச்சியை இயக்கும் இயக்குநரும் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்றது.

அமெரிக்காவில் அந்த இடத்தில் இருப்பவரை ஏர் பாஸ் என்பார்கள். எந்த விமானம் எப்போது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று வானொலியில் சொல்பவர் அவர்தான். 2022 நவம்பர் 12 அன்று டல்லாஸில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் இரண்டு மோதி ஆறு பேர் இறந்தனர். விசாரணை வாரியம் ஓட்டியவர்களோடு நிறுத்தாமல் அவர்களுக்கு மேலேயும் பார்த்தது. விமானங்களை உயரத்தால் பிரித்து வைக்கும் திட்டத்தை முன்கூட்டியே போட்டு விளக்காமல், அந்தந்த நேரத்து உத்தரவையும் விமானிகளின் கண்பார்வையையும் நம்பியதே காரணம் என்றது. ஏர் பாஸ்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் போதிய வழிகாட்டுதல் தராத அரசுத் துறையையும் அறிக்கை விட்டுவைக்கவில்லை.

இந்தியாவில் இருக்கும் இடைவெளி

நம் நாட்டில் விமான சாகச நிகழ்ச்சி என்றால் அது ஏறக்குறைய முழுக்கப் படைகளின் நிகழ்ச்சி. சூர்ய கிரண் குழு 1996-இல் பீதரில் உருவானது. ஹெலிகாப்டர்களின் சாரங் குழுவுக்கு வீடு கோவையை அடுத்த சூலூர். பெங்களூரு ஏலஹங்காவில் ஏரோ இந்தியா 1996 முதல் நடக்கிறது. ஆனால் 1934-இன் சட்டம் படை விமானங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய வாயுயான் சட்டமும் அவ்வாறே. ஆக, சாகச விமானிக்கு யார் தகுதி தருகிறார், எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு எத்தனை பயிற்சிக்குப் பின் இறங்கவிடுகிறார் என்பதெல்லாம் படைக்குள்ளேயே தீர்மானமாகும். அந்த முறை கடுமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. வெளியில் இருக்கும் ஆய்வாளர் அதைப் படித்துப் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

விபத்துகள் இல்லாமல் இல்லை. 1989-இல் டில்லியின் பாலம் விமானத் தளத்தில் மிராஜ் விமானம். 2007-இல் ஏலஹங்காவில் ஒத்திகையின்போது சாரங்கின் ஹெலிகாப்டர். 2010 மார்ச் 3 அன்று ஹைதராபாத்தில் கடற்படையின் சாகர் பவன் குழு விமானம் குடியிருப்பில் விழுந்து இரு விமானிகள் பலி. 2019 பிப்ரவரி 19 அன்று ஏலஹங்காவில் சூர்ய கிரண் விமானங்கள் இரண்டு மோதல். 2025 நவம்பர் 21 அன்று துபாயில் தேஜஸ் விழுந்து இறந்த விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் சூலூரில் பணியாற்றியவர். ஒவ்வொன்றுக்கும் படை விசாரணை நீதிமன்றம் அமைக்கப்படும். அதன் அறிக்கை பொதுவெளிக்கு வருவதில்லை. ஷோரம் பற்றியும் டல்லாஸ் பற்றியும் மேலே இவ்வளவு எழுத முடிந்தது அவற்றின் அறிக்கைகள் அச்சில் கிடைப்பதால். ஹைதராபாத் பற்றி ஒரே ஒரு வரியோடு நிற்க வேண்டியிருக்கிறது.

2019-இன் ஏலஹங்காவில் கவனிக்கத் தவறிய இன்னொன்று உண்டு. விமானங்கள் மோதிய நான்கு நாட்களில், வாகன நிறுத்துமிடத்தின் காய்ந்த புல்லில் தீப்பிடித்துச் சுமார் 300 கார்கள் எரிந்தன. வானத்து விபத்தை ஆராயப் படை இருந்தது. புல்லை வெட்டியிருக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அப்படி ஒரு தெளிவான சொந்தக்காரர் இல்லை.

தரையில் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது: போலீஸ், மாநகராட்சி, மின்வாரியம், சுகாதாரத் துறை, ரயில்வே. 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பெருங்கூட்டங்களைக் கையாள 2014-இல் ஒரு நல்ல கையேட்டை வெளியிட்டது; ஆனால் அது கையேடு, சட்டம் அல்ல. விமானியிடம் பறந்த மணிநேரங்களின் பதிவேட்டைக் கேட்கிறோம். பத்து லட்சம் பேர் கூடும் இடத்துக்குத் திட்டம் போடுபவரிடம் இதில் பயிற்சி பெற்றதற்கான ஒரு சான்றைக்கூடக் கேட்பதில்லை.

ஸ்ரீரங்கத்தின் பாடம்

ஸ்ரீரங்கம் கோயிலில் வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் விடியுமுன் திறக்கிறது. உற்சவர் நம்பெருமாளைப் பின்தொடர்ந்து தொடங்கும் ஓட்டம் அன்று முழுவதும் நிற்பதில்லை. அடுத்துவரும் இராப்பத்து நாட்களிலும் வாசலைக் கடக்க முடியும் என்பதால், முதல் நாளில் முண்டியடிக்க முடியாதவர் மறுநாள் வரலாம். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்த உத்திர வீதியும் சித்திரை வீதியும் கூட்டத்தைச் சுற்றவிட்டுத் தணிக்கின்றன. தடுப்புகளும் ஒருவழிப் பாதையும் இந்த அமைப்பின் மேல் போட்ட சேர்க்கைகளே. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையிலும் மக்கள் காலை முதல் வருவதும் போவதுமாக இருப்பார்கள்.

மெரினாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். காலையிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த கூட்டம், பதினொரு மணி முதல் ஒரு மணி வரை உச்சி வெயிலில் நின்று, நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே நேரத்தில் புறப்பட்டது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் காமராஜர் சாலையும், அதற்கப்பால் சில சிறிய பறக்கும் ரயில் நிலையங்களும். திருவிழாக் கூட்டத்தை நடத்திப் பழகிய நிர்வாகம் வரவை எண்ணியது; புறப்பாட்டை எண்ணவில்லை. கோயிலில் நெரிசல் ஆபத்து நுழைவில், விமான நிகழ்ச்சியில் வெளியேற்றத்தில். அனுபவம் இருந்தும் தவறியதற்கு இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

தரை விதிகள் ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் மாடியில் வேய்ந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் தீ. கீற்றுக் கூரை, வெளியேறும் வழி, தீயணைப்புச் சான்று பற்றி அதிகாரிகள் கேள்வி கேட்பது அதன்பிறகு கூடியது. ஆனால் அந்தக் கேள்விகளும் 1888-இன் சட்டத்தைப் போலவே கூரையும் சுவரும் உள்ள இடங்களோடு நின்றன. 2025 செப்டம்பர் 27 அன்று பக்கத்துக் கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தது திறந்த சாலையில்.

வானில் மட்டும் சட்டம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள், கல்யாண வீட்டில் படம் எடுப்பவரைக்கூட ரிமோட் பைலட் சான்று கேட்கும் வட்டத்துக்குள் கொண்டுவந்தன. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்தில் தனி அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் டிரோன் ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் அளந்தால் ஸ்ரீரங்கம் ஏறத்தாழ இந்த வளையத்தில் வருகிறது. 1987-இல் கட்டி முடித்த ராஜகோபுரத்தின் உயரமோ 236 அடி. கோபுரத்தின் உச்சியைப் படம்பிடிக்க நினைக்கும் ஒருவருக்கு இவ்வளவு நுணுக்கமாக விதி இருக்கிறது.

திருச்சிக்கும் ஒருநாள் இப்படி ஒரு சாகச நிகழ்ச்சி வரலாம். பாலங்களை நம்பி நிற்கும் ஸ்ரீரங்கம் தீவின் மேல் அதை நடத்த முடியாது என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். வேறு இடம் தேடுவார்கள். எந்த இடமானாலும், விமானப்படை தன் விமானிகளின் பெயர்ப் பட்டியலைத் தருவது போல மாவட்ட நிர்வாகமும் தரைக்கு ஒரே ஒருவரின் பெயரைத் தர வேண்டும். எந்தெந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் மக்கள் வெளியேறுவார்கள் என்ற கணக்கில் அவர் கையெழுத்திட வேண்டும். நிழலும் குடிநீரும் எங்கே என்பது அதில் இருக்க வேண்டும். ஏதேனும் தவறினால் விசாரணை அறிக்கை, தரையைப் பற்றிய பகுதியாவது, அச்சில் வர வேண்டும். அந்தக் கையெழுத்து கிடைக்கும் வரை அனுமதி கொடுக்க வேண்டாம் என்று கலெக்டரிடம் முன்கூட்டியே மனு கொடுக்கும் உரிமை திருச்சிவாசிகளுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.