முழங்காலும் ஓர் அமானிதம்

தஞ்சைத் தரணியில் சம்பா அறுவடை முடிந்ததும் ஊர்த் திடல்கள் சடுகுடுக் களங்களாக மாறுவதை நாம் அறிவோம். அவ்வாட்டத்தின் வெற்றிகளைப் பேசும் நாம், அதில் பழுதுற்ற முழங்கால்களைப் பற்றிப் பேசுவதில்லை.

1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாயிற்று. 2014இல் புரோ கபடி தொடங்கிற்று. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016இல், தமது 41ஆம் வயதில், பாட்னா அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பையை வென்றார். இக்காலத்தில், வெறுங்காலுடன் மண்ணில் ஆடிய ஆட்டம், காலணியுடன் விரிப்பின்மேல் ஏறிற்று.

மண்ணில் சறுக்கிவிடும் கால், விரிப்பில் பற்றி நிற்கும். பாடிச் சென்றவர் திரும்புகையில் எதிரணியினர் கணுக்காலைப் பிடித்தால், பாதம் அசையாதிருக்க உடல் மட்டும் திருகும். அத்திருகலில் மூட்டினுள் இருக்கும் ஜவ்வு கிழியக்கூடும். எலும்பு முறிவைப் போல் அது கண்ணுக்குத் தெரியாது. சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும், குணமாயிற்று என்றெண்ணி இளைஞர் களம் புகுவார், மூட்டு மீண்டும் நழுவும், குருத்தெலும்பும் கெடும்.

ஆயிரம் ஆண்டுகட்கு முன் குர்துபாவில் வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பாகத்தை அறுவை மருத்துவத்திற்கு ஒதுக்கினார். எலும்பு முறிவும் மூட்டு நழுவலும் அதில் தனிப்பகுதி பெற்றன. உடற்கூறு அறியாதவர் அறுவை மருத்துவத்தில் கைவைப்பதை அவர் கண்டித்தார். அறியாமல் இழுத்துக் கட்டும் கட்டுக்கு இன்றும் அக்கண்டனம் பொருந்தும்.

பிற நாட்டாரும் பட்டறிந்தே திருந்தினர். பனித்தளத்தில் சறுக்கி நடனமாடும் போட்டியில், துள்ளிச் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும் சிறார்க்கு இடுப்பும் கணுக்காலும் பழுதாவதுண்டு. அப்போட்டியை நடத்தும் உலக அமைப்பு, மூத்தோர் பிரிவின் குறைந்த வயதை 15இலிருந்து 17ஆகப் படிப்படியாக உயர்த்த 2022இல் முடிவு செய்தது.

நம் பிள்ளைகளை ஆட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்யுத்தம் செய்ததாக அறிவிப்புண்டு. உடலுக்கு நம்மீது உரிமை உண்டென்று கற்பித்தவர்களும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னவர்களும் அவர்களே. முழங்கால் வீங்கிய மகனை மருத்துவரிடம் காட்டாமல் மறு ஆட்டத்திற்கு அனுப்புவது தவக்குல் ஆகாது, அது கவனக்குறைவு.

கோப்பை அலமாரியில் இருக்கும். முழங்காலோ, முதுமையிலும் ஸஜ்தாவில் மண்ணைத் தொட வேண்டும்.