இருவாட்சியின் மூடிய வாயில்

உலு திராமுக்குத் தென்கிழக்கே, ஜொகூர் நீரிணையில் அமைந்துள்ளது சிங்கப்பூருக்குரிய உபின் தீவு. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் அற்றுப்போன கருப்பு வெள்ளை இருவாட்சி, 1994ஆம் ஆண்டு இத்தீவில் மீண்டும் காணப்பெற்றது.

இப்பறவையின் பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலைச் சேற்றாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். சிறு பிளவின் வழியே ஆண் இரையூட்டும். மனிதர் நெருங்கினால் ஆண் வரத் தயங்கும், உள்ளிருப்பவை பசித்திருக்கும். ஆதலின், தொலைவில் நின்ற நிழற்படக் கலைஞர்க்கு ஆணின் வருகையே கிட்டியது. பொந்தின் அகம் மறைபொருளாகவே இருந்தது.

பொந்துடைய முதுமரங்களும் அருகியிருந்தன. 2004ஆம் ஆண்டு தொடங்கிய சிங்கப்பூர் இருவாட்சித் திட்டத்தினர், மரங்களில் செயற்கைக் கூடுகளைப் பொருத்தி, அவற்றுள் படக்கருவிகளையும் அமைத்தனர். முட்டையிடுதலும் குஞ்சு வளர்தலும் புலனாயின. பறவைக்கு இல்லமும் ஆய்வாளர்க்குக் கண்ணும் ஒருங்கே வாய்த்தன. எனினும், மனிதர் செய்த கூட்டைப் பறவை நாடியதே பெருமரங்கள் அழிந்தமைக்குச் சான்றன்றோ?