உடற்பொழுது

இரவுப் பணியால் உறக்கம் கெட்ட என் தம்பி மகனிடம் மருத்துவர் ஒருவர் ‘உடற்கடிகாரம் பழுதாகிவிட்டது’ என்று சொன்ன நாள்முதல், அச்சொல் என் மனத்தை உறுத்திக்கொண்டேயிருக்கிறது. கடிகாரத்துக்கு மூலமான ‘கடிகா’ வடமொழியில் சிறு குடத்தைச் சுட்டிப் பிறந்து, நீரில் மிதந்து சிறுகச் சிறுக நிரம்பும் துளை வட்டிலுக்கும், பின்னர் 24 நிமிஷக் கால அளவுக்கும் பெயராகி, நம் நாழிகையோடு ஒன்றிற்று. ஆயினும், மூளையின் அடிப்புறத்தில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலிருந்து துயிலையும் விழிப்பையும் ஆளும் சிறு உயிரணுத்திரள் குடமும் அன்று, எந்திரமும் அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் எம். கே. சந்திரசேகரன் மனிதரை ஒளி புகாத தனியிடத்தில் வைத்து ஆராய்ந்த அத்துயில்-விழிப்புத் தாளம், இருளிலும் தானே நடந்து, கதிரொளியால் நாள்தோறும் 24 மணி நேரத்துக்குத் திருத்தமுறுவது. சூரியனையும் காலத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘பொழுது’ நம்மிடம் இருக்க, வேறு சொல் எதற்கு? மேல்சித்தாமூரில், பார்சுவநாதர் ஆலயத்தை அடுத்த வீதிகளில், பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் சமண சமயப் பெரியோரின் நியமத்தில் அவ்விரு பொருளும் பிரியாது நிற்கின்றன. ஆதலால் ‘உடற்பொழுது’ என்றே நான் எழுதுகிறேன். அது பழுதாவதில்லை, தப்புகிறது.